பிரதமரும் கைதியும்: ஷேக் அப்துல்லாவின் அரசியல் வாழ்வு

ஜம்மு-காஷ்மீர் இந்தியாவுடன் இணைந்ததற்கு மக்கள் ஆதரவு உண்டு என்பதை எடுத்துரைக்க, 1948-ன் தொடக்கத்தில் ஐ.நா. பாதுகாப்பு சபைக்கு அனுப்பப்பட்டவர் ஷேக் முகமது அப்துல்லா. ஐந்தரை ஆண்டுகளுக்குப் பின், அந்த இணைப்புக்கே ஆபத்தானவர் என்று கருதப்பட்டுச் சிறை வைக்கப்பட்டவரும் அவரே.

ஸ்ரீநகரை அடுத்த சௌராவில், சால்வை வணிகம் செய்த குடும்பத்தில் 1905 டிசம்பர் 5-ல் பிறந்தார். அவர் பிறப்பதற்கு முன்பே தந்தை காலமாகிவிட்டார். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் வேதியியலில் முதுநிலைப் பட்டம் பெற்றுத் திரும்பியவருக்குக் கிடைத்தது பள்ளி ஆசிரியர் பணி. 1931 ஜூலை 13-ல் ஸ்ரீநகர் சிறை முன் திரண்ட மக்கள் மீது மகாராஜா ஹரி சிங்கின் காவலர்கள் நடத்திய துப்பாக்கிச் சூடு அவரை முழுநேர அரசியலுக்குக் கொண்டுவந்தது. 1932-ல் முஸ்லிம் மாநாட்டுக் கட்சி உருவானது. எல்லா மதத்தினரும் சேரும் வகையில் 1939-ல் அது தேசிய மாநாட்டுக் கட்சியாக மாறியது.

மன்னராட்சி வெளியேற வேண்டும் என 1946-ல் கிளர்ச்சி தொடங்கி, சிறை சென்றார். 1947 அக்டோபரில் பழங்குடியினப் படைகள் ஊடுருவின. மகாராஜா இணைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். நிர்வாகம் அப்துல்லாவின் கைக்கு வந்தது. 1948 மார்ச்சில் மாநிலத்தின் பிரதமரானார்.

1950-ல் அவரது அரசு கொண்டுவந்த சட்டம் நில உடைமைக்கு 182 கனால், அதாவது சுமார் 23 ஏக்கர் என உச்சவரம்பு விதித்தது. உபரி நிலம் இழப்பீடின்றி உழுபவர்களுக்குக் கிடைத்தது. எனினும், 1951 அரசியல் நிர்ணய சபைத் தேர்தலில் 75 இடங்களும், பெரும்பாலும் போட்டியே இல்லாமல், அவரது கட்சிக்குச் சென்றன. எதிர்க்கருத்துக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது.

முழு இணைப்புக் கோரி ஜம்முவில் பிரஜா பரிஷத் போராடியது. தன்னாட்சி குறையும் என்று அப்துல்லா அஞ்சினார். அவர் தனி நாட்டை நாடுகிறார் என்று தில்லி ஐயுற்றது. 1953 ஆகஸ்டில் அவர் பதவி நீக்கப்பட்டுக் கைதானார். இடையில் சில மாதங்கள் தவிர, 1964 ஏப்ரல் வரை சிறைவாசம் நீடித்தது.

விடுதலையானதும் சமரச முயற்சியாகப் பாகிஸ்தான் சென்று அயூப் கானைச் சந்தித்தார். அங்கிருந்தபோதே மே 27-ல் நேரு மறைந்தார். முயற்சியும் அத்துடன் நின்றது. 1965-ல் அல்ஜியர்ஸில் சீனப் பிரதமர் சௌ என்லாயைச் சந்தித்துத் திரும்பியவர் மீண்டும் கைதாகி, உதகமண்டலத்திலும் பின்னர் கொடைக்கானலிலும் காவலில் வைக்கப்பட்டார். 1968-ல்தான் விடுதலை கிடைத்தது.

1975-ல் இந்திரா காந்தியுடன் உடன்பாடு ஏற்பட்டு ஆட்சிக்குத் திரும்பினார். 1953-ல் பிரதமராக வெளியேறியவர் முதல்வராகத் திரும்பினார். இடைக்காலத்தில் பதவியின் பெயரும் அதிகாரமும் குறைந்திருந்தன. 1977 தேர்தலில் அறுதிப் பெரும்பான்மை பெற்றார். மரக் கடத்தலை ஒடுக்குவதற்கென அவரது அரசு 1978-ல் இயற்றிய பொதுப் பாதுகாப்புச் சட்டம், விசாரணையின்றிச் சிறை வைக்க வழி செய்தது.

1982 செப்டம்பர் 8-ல் காலமானார். இறுதி ஊர்வலத்தில் பெருங்கூட்டம் திரண்டது. ஆனால் 1989-க்குப் பின் தீவிரவாதம் பரவியபோது, இந்தியாவுடன் சமரசம் செய்துகொண்டவர் என்ற சினத்திலிருந்து அவரது கல்லறையைக் காக்கப் போலீஸ் காவல் தேவைப்பட்டது.

2019 ஆகஸ்டில் சிறப்பு அந்தஸ்து ரத்தாகி, மாநிலம் இரு யூனியன் பிரதேசங்களாகப் பிரிக்கப்பட்டது. அடுத்த மாதம் அவரது மகன் ஃபரூக் அப்துல்லா காவலில் வைக்கப்பட்டது, தந்தையின் 1978-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்தான். அப்துல்லாவின் பிறந்த நாள் அரசு விடுமுறைப் பட்டியலிலிருந்தும் நீக்கப்பட்டது. அவர் பேரம் பேசிப் பெற்ற தன்னாட்சி இன்று இல்லை. 1950-ல் உழவர்களுக்குக் கிடைத்த நிலமே அவரது ஆட்சியின் நிலைத்த பயன்.