யாழின் ஒலியை அளந்த விஞ்ஞானத் துறவி

கல்குடாவில் ஓர் இளைஞன் தன் வீட்டு இசைக்கெனத் தரமான விரியலாக்கி ஒன்றைத் தானே அமைக்க முற்படுகின்றான் எனக் கொள்வோம். மின்மாற்றியும் திரான்சிற்றர்களும் கடையில் கிடைக்கும். ஒலியைப் பெரிதாக்குவதும் அத்துணைக் கடினமன்று. சுரத்தின் இயல்பு கெடாமல் பெரிதாக்குவதே கடினம். மின்சாரத்தின் துணையின்றி ஒலி பெருக்கிய பழைய கருவியொன்றின் இயல்பைக் கணக்கிட்டு ஆராய்ந்தவர் இதே கிழக்குக் கரையில் பிறந்தவர். அவரே சுவாமி விபுலாநந்தர்.

1892 மார்ச் 27இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனனாரைத் தமிழறிஞராகவும் துறவியாகவுமே நாம் நினைவுகூருகின்றோம். சிலைக்கு மாலை அணிவிக்கின்றோம், விழா எடுக்கின்றோம். அவர் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமா பெற்றவர், யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்தவர், 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியானவர் என்பன மேடைகளில் ஒரு வரியில் முடிந்துவிடுகின்றன. யாழ்நூலை எழுதியவர் அந்த விஞ்ஞானியுமே என்பதை மறந்துவிடுகின்றோம்.

நரம்பை மட்டும் இழுத்துக் கட்டி மீட்டினால் அருகில் இருப்பவருக்கும் சரியாகக் கேளாது. அதன் அதிர்வை வாங்கிக் காற்றுக்குக் கொடுப்பது பத்தர் எனப்படும் குடமும், அதன்மீது போர்த்த தோலுமாகும். பள்ளியில் பரிவு என்று நாம் படிப்பது இதனோடு தொடர்புடையதே. வாவியில் துடுப்பின் ஒரு முனையை நீரில் இட்டு, மறுமுனையைக் காதில் வைத்து மீன்பாடும் ஒலியைக் கேட்கும் மட்டக்களப்பு வழக்கமும் இத்தகையதே. அவ்வொலியில் மயங்கி நீரரமகளிர் என்ற கவிதையையும் அடிகள் பாடியுள்ளார்.

யாழ் வழக்கொழிந்து நூற்றாண்டுகள் பல கடந்திருந்தன. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் யாழாசிரியன் அமைதி கூறும் சில அடிகளே அவருக்குக் கிடைத்த பிடி. ஏறத்தாழ 14 ஆண்டுகள் அதனோடு உழன்றார். நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் மீடிறன் இருமடங்காகும். மூன்றில் இரண்டாக்கினால் குரலுக்கு இளி பிறக்கும். இவ்வாறான விகிதங்களைக் கொண்டு பழம்பண்களை எண்களாக்கிச் சரிபார்த்தார். செவிக்கு இனிமை என்ற ஒன்றையே சான்றாக அவர் ஏற்கவில்லை. 7 நரம்புடைய செங்கோட்டியாழ், 14 நரம்புடைய சகோடயாழ், 21 நரம்புடைய பேரியாழ் ஆகியவற்றின் அமைப்பு மீண்டும் துலங்கியது.

இதற்கிடையே 1924இல் துறவு, 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம், அண்ணாமலையிலும் இலங்கையிலும் தமிழ்ப் பேராசிரியர் பதவி. கலைச்சொல்லாக்கப் பணி வேறு. ஒருவருக்கு எத்தனை கைகள் இருந்தனவோ!

கல்குடாக் கல்வி வலயத்திலும் உயர்தர மாணவர் சுரமானிப் பெட்டியில் கம்பியை மீட்டி மீடிறன் அளக்கின்றனர். அவ்வேளை யாழ்நூலின் கணக்கு ஒன்றையும் அவர்கள்முன் விரித்து வைக்கலாம். பௌதிகவியலையும் தமிழையும் இருவேறு அறைகளில் பூட்டி வைப்பது அடிகளின் வழியன்று.

1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் யாழ்நூல் அரங்கேறியது. அவர் கண்ட முறைப்படி செய்த யாழும் வீணைகளும் ஊர்வலத்தில் ஏந்திச் செல்லப்பட்டன. நோயுற்றிருந்த அடிகள் இலங்கை திரும்பினார். ஜூலை 19இல் கொழும்பில் காலமானார். கல்லடி உப்போடையில், தாம் உருவாக்கிய வித்தியாலய வளவிலேயே அவர் சமாதி வைக்கப்பட்டார்.