பாடும் எழுத்தும்: புதுமைப்பித்தன் வாழ்வு

பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடிக்கும் இடங்களைப் ‘பாடு’ என வகுத்து, மீனவர் தமக்குள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்வது நெடுநாள் வழக்கம். முறை வந்தவனுக்கு இடம் உறுதி. மீன் படுவதும் படாததும் ஏரியின் கையில். எழுதிப் பிழைக்கப் புறப்பட்டவனுக்கோ அந்த முறையும் இல்லை. வயிற்றுப்பாடு மட்டும் உண்டு. இதனை வாழ்ந்தே காட்டியவர் புதுமைப்பித்தன்.

சொ. விருத்தாசலம் என்னும் இயற்பெயருடைய அவர், 1906 ஏப்ரல் 25இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். எட்டு வயதில் தாய் பர்வதம்மாளை இழந்தார். தாசில்தாராகப் பணியாற்றிய தந்தை சொக்கலிங்கம் பிள்ளை ஓய்வுபெற்றபின் குடும்பம் சொந்த மண்ணாகிய திருநெல்வேலிக்குத் திரும்பியது. அங்கே இந்துக் கல்லூரியில் பயின்று 1931இல் பி.ஏ. பட்டம் பெற்றார், மறு ஆண்டு கமலாவை மணந்தார். பட்டம் பெற்றவர்க்கு அரசுப் பணியே நிலையான வாழ்வு எனக் கருதப்பட்ட காலம் அது. அவரோ பேனாவைத் தேர்ந்தார். 1933இல் ‘காந்தி’ இதழில் முதற்கட்டுரை வெளிவந்தது. பின்னர்ச் சென்னை சென்றார்.

அங்கே அவருக்கு வாய்த்த களம் ‘மணிக்கொடி’. தமிழ்ச் சிறுகதை வளர்ந்த அவ்விதழ், எழுதியவர்க்குச் சன்மானம் வழங்கும் வசதி இல்லாதது. ஆகவே கதைக்கு ஓரிடமும் சோற்றுக்கு மற்றோரிடமும் தேட நேர்ந்தது. ‘ஊழியன்’ இதழில் சிறிது காலம் இருந்தார். பின்னர்த் தினமணியில் துணையாசிரியராய்ப் பல்லாண்டுகள் பணிபுரிந்தார். பகலெல்லாம் பிறர் செய்தியைத் தமிழாக்கிய அதே கை, எஞ்சிய பொழுதில் கதை எழுதியது.

இவ்விரட்டை வாழ்வின் வலியை அவர் கதையாகவும் ஆக்கினார். ‘ஒரு நாள் கழிந்தது’ கதையில் வரும் முருகதாசர், பெரிய நாவல் ஒன்றை எழுதும் கனவோடு, வயிற்றுக்காக விளம்பரம் எழுதுபவர். ஒரு நாளைக் கடத்துவதற்குள் அவர் படும் பாட்டில் நகைப்பு உண்டு, தன்னிரக்கம் இல்லை. எழுத்தாளனைத் தியாகியாக உயர்த்தாமல், கடன் கேட்கும் குடும்பத்தானாகவே நிறுத்திய நேர்மையே அக்கதையின் பெருமை.

கூலிக்கு எழுதியபோதும் அவர் எழுத்தின் தரத்தை விட்டுக்கொடுக்கவில்லை. முசோலினியைப் பற்றிய ‘பாஸிஸ்ட் ஜடாமுனி’ போன்ற நூல்கள் காலத்தின் தேவைக்கென எழுந்தவை. எனினும் தலைப்பிலேயே அவருடைய எள்ளல் தெரியும். பிறநாட்டுக் கதைகளை ஏராளமாக மொழிபெயர்த்தார்; மூலத்தை மறைத்துத் தழுவுவதைக் கண்டித்தார். ‘வேளூர் வெ. கந்தசாமிப் பிள்ளை’ என்னும் பெயரில் கவிதையும் புனைந்தார்.

1943இல் ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கம் தினமணியிலிருந்து விலகியபோது, அவருடன் புதுமைப்பித்தனும் வெளியேறினார். மாதச் சம்பளத்தைவிட நட்பும் கொள்கையும் பெரிதாயின. ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’, ‘சாபவிமோசனம்’ ஆகிய அழியாக் கதைகள் கலைமகளில் வெளிவந்ததும் அவ்வாண்டிலேயே. அடுத்துச் சேர்ந்த ‘தினசரி’யும் நிலைக்கவில்லை.

நிலையான வேலையற்ற அந்நாளில் திரைப்படம் அழைத்தது. ‘அவ்வையார்’, ‘காமவல்லி’ படங்களுக்கு எழுதினார். பிறரிடம் கைகட்டி நில்லாமல் தாமே படமெடுக்க எண்ணி, தாயின் நினைவாகப் ‘பர்வதகுமாரி’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார், அம்முயற்சி கைகூடவில்லை, பண இழப்பே மிஞ்சியது. பின்னர், தியாகராஜ பாகவதரின் ‘ராஜமுக்தி’க்கு எழுதப் புனே சென்றார். திருவனந்தபுரத்தில் பிறந்த வீட்டில் இருந்த மனைவிக்குப் பணம் அனுப்ப இயலாத வேதனையை அவர் எழுதிய கடிதங்கள் காட்டுகின்றன. வருவாய் வரும் என்று நம்பிச் சென்ற ஊரில் காசநோய் முற்றியது. திருவனந்தபுரம் திரும்பியவர், மனைவியையும் சின்னஞ்சிறு மகளையும் விட்டு 1948 ஜூன் 30இல் மறைந்தார். அப்போது வயது நாற்பத்திரண்டு.

அவர் வாழ்வை வறுமையின் புகழ்ப்பாட்டாகப் படிப்பது பிழை. வறுமை அவருக்கு ஒரு கதையையும் எழுதித் தரவில்லை; எழுதியிருக்கக் கூடிய பலவற்றைப் பறித்துக்கொண்டது. எழுத்துக்கு உரிய கூலி உரிய காலத்தில் கிடைத்திருப்பின், நோய் முற்றும்வரை அயலூரில் வசனம் எழுதிக்கொண்டிருக்க நேர்ந்திராது. 2002இல் அவர் நூல்கள் நாட்டுடைமையாயின. எழுதியவனுக்கு வாழ்நாளில் சோறிடாத எழுத்து இன்று எல்லோர்க்கும் பொதுச் செல்வம். கவிஞனைப் பாராட்டுவோர் அவனுடைய பாட்டோடு பாட்டையும் நினைக்கவேண்டும் என்பதே அவர் வாழ்வு விட்டுச்சென்ற கணக்கு. ஏரியில் முறை வகுத்தவர்க்குத் தெரிந்த அறம், ஏட்டுலகுக்கும் தெரியவேண்டும்.