இரு கோடுகள்

இத்தாலியில் பிறந்த லூக்கா பேசியோலி, இளமையில் வெனிஸ் வணிகர் ஒருவரின் மைந்தர்க்குக் கணக்குக் கற்பித்தார். பின்னர் பிரான்சிஸ்கன் சபைத் துறவியானார். பொருளைத் துறந்தவர் பொருட்கணக்கை எழுதியது வியப்பே! 1494இல் வெனிஸில் அச்சான அவரது கணித நூலின் ஒரு பகுதி, வணிகரிடையே முன்பே வழங்கிய இரட்டைப் பதிவு முறையை விளக்கியது.

ஏட்டில் நேரும் பிழை வணிகரையே வீழ்த்தக்கூடும். ஆதலால் குறிப்பேட்டில் எழுதிய ஒவ்வொரு நடவடிக்கையையும் பேரேட்டில் பற்று, வரவு என ஈரிடத்தும் பதியச் சொன்னார். பற்றினைப் பதிந்ததும் குறிப்பேட்டில் அப்பதிவின்மேல் ஒரு கோடு. வரவினைப் பதிந்ததும் மற்றொரு கோடு. ஒற்றைக் கோடே இருப்பின், பணி பாதியில் நிற்பது விளங்கும்.

இன்றைய இணைய வணிகத்திலும், வாங்குபவர் கணக்கில் குறைந்த பணம் விற்பவர் கணக்கில் சேருமுன் மின்சாரம் நின்றால், மீண்டெழும் கணினி தன் குறிப்பேட்டையே முதலில் நோக்குகிறது. நின்றதை முடிக்கிறது, இயலாதெனின் முழுவதையும் நீக்குகிறது. பேசியோலி 1517இல் மறைந்தார்.