4 திருமணம், 6 கோபுரம், சுவரெல்லாம் ஜன்னல்: யார் இந்த 'ஹார்ட்விக் பெஸ்'?

இங்கிலாந்தின் டெர்பிஷையரில் குன்றின் மேல் நிற்கிறது ஹார்ட்விக் ஹால். அதன் 6 கோபுரங்களின் உச்சியிலும் 'ஈ, எஸ்' என்ற ஆங்கில எழுத்துகள் கல்லில் இருக்கும். ராஜா பெயர் இல்லீங்க; அந்த வீட்டைக் கட்டிய எலிசபெத் ஷ்ரூஸ்பரியின் பெயர். ஊர் அழைத்தது 'பெஸ்'.

யார் இவர்?

1520-களில் சிறு நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்தவர். கைக்குழந்தையா இருக்கும்போதே அப்பா இறந்துட்டார். முதல் கணவர் 1544-ல் இறக்க, விதவைக்குச் சேர வேண்டிய பங்குக்காக கோர்ட் படி ஏறினார். இரண்டாவது கணவர் வில்லியம் கேவன்டிஷ். மூன்றாவது வில்லியம் செயின்ட் லோ. இருவர் மறைவுக்குப் பிறகும் பெஸ்ஸின் சொத்து வளர்ந்தது. நான்காவது கணவர், பெரும் பணக்காரரான ஷ்ரூஸ்பரி பிரபு.

எங்கே விரிசல்?

ஸ்காட்லாந்து ராணி மேரியைக் காவலில் வைக்கும் பொறுப்பை ஷ்ரூஸ்பரியிடம் கொடுத்தார் எலிசபெத் மகாராணி. 1569 முதல் 1584 வரை அந்த வேலை. செலவும் சந்தேகமும் சேர்ந்து குடும்பத்தையே பிரிச்சிடுச்சு.

வீடு எப்போ வந்தது?

அன்றைய சட்டப்படி மனைவியின் சொத்து கணவர் கைக்குப் போயிடும். விதவையானால்தான் சொந்த முடிவு. 1590-ல் ஷ்ரூஸ்பரி இறந்தார். 60 வயதைத் தாண்டிய பெஸ், இங்கிலாந்தின் பெரும் பணக்காரப் பெண்களில் ஒருவர். அதே ஆண்டு தொடங்கிய வீட்டில் 1597-ல் குடியேறினார்.

அப்படி என்ன ஸ்பெஷல்?

வடிவமைத்தவர் ராபர்ட் ஸ்மித்சன் எனக் கருதப்படுகிறது. கண்ணாடி விலை எகிறிய காலத்தில், முகப்பு முழுக்க ஜன்னல். வெளிச்சுவரை ஜன்னலுக்கு விட, புகைபோக்கிகளைப் பெரும்பாலும் உள்சுவர்களுக்குள் கொண்டுபோனார்கள். மாடி ஏற ஏற கூரையும் ஜன்னலும் உயரமாகும். பெரிய விருந்தினருக்கான மண்டபம் மேல்தளத்தில்.

மேரி இங்கே அடைபட்டிருந்தாரா?

இல்லை. 1587-லேயே அவருக்கு மரண தண்டனை நிறைவேறிவிட்டது. அப்போ இந்த வீடே கிடையாது. ஆனால் பெஸ்ஸின் பேத்தி அர்பெல்லா ஸ்டூவர்ட், அரியணைக்கு உரிமை கோரக்கூடியவர் என்பதால், கடும் கண்காணிப்பில் இங்கே வாழ்ந்தார். பாட்டிக்குப் பெருமை தந்த வீடு, பேத்திக்கு ஜெயில் மாதிரி ஆனது.

பெஸ் 1608-ல் மறைந்தார். வாரிசுகளான டெவன்ஷையர் பிரபுக்கள் சாட்ஸ்வொர்த்தையே முக்கிய இல்லமாக்கியதால், ஹார்ட்விக் பெரிதாக மாறாமல் தப்பியது. 1959 முதல் நேஷனல் டிரஸ்ட் வசம் இருக்கிறது. மக்கள் போய்ப் பார்க்கலாம்.