நாவலாசிரியர் மு. வ.வும் அவர்தம் அன்றாட உழைப்பும்

நாவல் எழுதுவோர்க்கு ஊக்கம் எங்கிருந்து பிறக்கின்றது என்னும் வினா, தமிழ் பயிலும் மாணவராகிய எம்மிடையே அடிக்கடி எழுவதுண்டு. தனிமையும் இயற்கைக் காட்சியும் வேண்டும் என்பார் சிலர். வயிற்றுப்பாட்டுக் கவலை இல்லாதவர்க்கே அது கைகூடும் என்பார் பலர். ஆலங்காயத்தைச் சூழ்ந்த இப்பகுதியில் பின்னைய கருத்தே வேரூன்றியுள்ளது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிடும் தொழிலிலும் காலணித் தொழிலிலும் உழைப்போர் வீடுகளிலிருந்து கல்லூரிக்கு வரும் இளைஞர், எழுத்து என்பது வேறு யாருக்கோ உரியது என்று எண்ணி அமைந்துவிடுகின்றனர். அவ்வெண்ணம் பிழை என்பதற்குச் சான்று நெடுந்தொலைவில் தேட வேண்டுவதில்லை. ஆலங்காயத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் சென்றடையத்தக்க திருப்பத்தூரில், தாலுகா அலுவலகத்தில் எழுத்தராய் அமர்ந்திருந்த ஓர் இளைஞரின் வரலாறே போதும்.

அவ்விளைஞரே பிற்காலத்தில் டாக்டர் மு. வ. என்று தமிழுலகம் போற்றிய மு. வரதராசனார் ஆவார். அவர் 1912ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் வடார்க்காட்டு மாவட்டத்தில் பிறந்தார். பெற்றோர் முனுசாமி முதலியாரும் அம்மாக்கண்ணு அம்மையாரும். இயற்பெயர் திருவேங்கடம், ஆயினும் பாட்டனார் பெயராகிய வரதராசன் என்பதே நிலைத்தது. இளமை வேலம் என்னும் சிற்றூரில் கழிந்தது. உயர்நிலைக் கல்வி திருப்பத்தூரில் முடிந்தது. பதினாறாம் வயதில் பள்ளியிறுதித் தேர்வில் தேறி, எழுத்தர் வேலையில் அமர்ந்தார்.

அவ்வேலையிலேயே அவர் நிலைத்திருப்பின் தமிழ்நாடு நல்லதோர் அலுவலரைப் பெற்றிருக்கும், நாவலாசிரியரை இழந்திருக்கும். உடல்நலம் குன்றவே, வேலையை விட்டு அவர் நீங்க நேர்ந்தது. நோயுற்று வேலையிழந்த இளைஞர்க்கு அக்காலம் எத்துணை இருள் சூழ்ந்ததாய் இருந்திருக்கும் என்பதை யாம் சொல்லவும் வேண்டுமோ? ஆயினும் அவர் முருகைய முதலியார் என்னும் தமிழாசிரியரை அடுத்துத் தமிழ் கற்கத் தொடங்கினார். கல்லூரியில் சேர்ந்து கற்கும் வாய்ப்பின்றித் தாமே பயின்று, 1935இல் வித்துவான் தேர்வில் மாநிலத்தில் முதல்வராய்த் தேறி, திருப்பனந்தாள் மடத்தின் ஆயிரம் ரூபாய்ப் பரிசையும் பெற்றார். அவ்வாண்டிலேயே திருப்பத்தூர் நகராட்சி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர் ஆனார். 1939இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரி அவரை விரிவுரையாளராய் ஏற்றது.

இனி அவர் எழுதிய முறையை நோக்குவாம். இங்கிலாந்தில் ஆந்தனி டிரோலப் என்னும் நாவலாசிரியர் இருந்தார். அவர் அஞ்சல் துறை அலுவலர். விடியற்காலை ஐந்தரை மணிக்கு மேசைமுன் அமர்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்து, கால்மணிக்கு 250 சொல் வீதம் எழுதி, அதன் பின்னரே அலுவலகம் செல்வது அவர் வழக்கம். தம்மைத் தவறாது எழுப்புதற்கென்றே வேலையாளுக்கு ஆண்டுக்கு ஐந்து பவுன் மிகுதியாய் அளித்தார். இவ்வாறு 47 நாவல்கள் எழுதி 1882இல் மறைந்தார். மறு ஆண்டில் வெளிவந்த அவருடைய தன்வரலாற்றில் இக்கணக்கைக் கண்ட பலர், இவர் கலைஞரல்லர், கூலிக்கு எழுதுபவர் என்று முகம் சுளித்தனர்.

மு. வ. இங்ஙனம் கடிகாரக் கணக்கை நூலாக எழுதி வைத்தவர் அல்லர். அவர்தம் நூல்களின் ஆண்டுகளே அக்கணக்கைக் காட்டுகின்றன. 1944இல் தமிழ் வினைச்சொற்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கு எம்.ஓ.எல். பட்டம்; 1946இல் முதல் நாவலாகிய செந்தாமரை; அடுத்துக் கள்ளோ காவியமோ; 1948இல் சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய ஆராய்ச்சிக்கு டாக்டர் பட்டம்; 1949இல் திருக்குறள் தெளிவுரை. இவ்வளவும் நாள்தோறும் வகுப்பு நடத்திக்கொண்டே செய்தவை! மொத்தம் ஏறக்குறைய 85 நூல்கள். அவற்றுள் 13 நாவல்கள். முப்பத்தைந்து ஆண்டுகளில் ஆண்டுக்கு இரண்டு நூலுக்கும் மேலாகின்றது. ஊக்கம் வரும்வரை காத்திருந்தவர் இத்துணை எழுதியிருத்தல் இயலாது.

அவர்க்கு ஊக்கம் தந்தவை யாவை எனின், திரு. வி. க.வின் தொடர்பும் காந்தியடிகளின் நெறியும் பெர்னார்ட் ஷாவின் நூல்களும் என்பர். அவை உண்மையே. எனினும் வகுப்பறையே அவற்றினும் பெரிய ஊற்று என்பது எம் கருத்து. அவர் கதைகளில் மீண்டும் மீண்டும் வருவோர் படிக்கும் இளைஞர், திருமணத்தை எதிர்நோக்கும் பெண்டிர், வறுமையில் உழலும் நல்லோர் ஆகியோரே. தம்பிக்கு, தங்கைக்கு, அன்னைக்கு, நண்பர்க்கு எனக் கடித நூல்களாக அவர் எழுதியவையும் இளைஞரோடு பேசுவனவே.

இவர் நாவல்களில் அறிவுரை மிகுதி என்று குறை கூறுவார் உளர். அக்குறையை யாம் முற்றும் மறுக்கமாட்டோம். சில பாத்திரங்கள் வீட்டுக் கூடத்திலும் சொற்பொழிவு மேடையில் நிற்பவர்போலவே பேசுகின்றனர். ஆயினும் அகல் விளக்கைப் படிப்போர் இதனை மறந்துவிடுவர். கதை வாலாசாப்பேட்டையில் தொடங்குகின்றது. பாலாற்றங்கரை மாணவர்க்கு அவ்வூர் அயலூர் அன்று. அழகும் அறிவும் ஒருங்கே வாய்ந்த சந்திரன், கட்டுப்பாடின்றிச் சீரழிந்து தொழுநோயுற்று மாள்கின்றான். நடுத்தர அறிவே உடைய வேலய்யன் சிறு விளக்காய் அமைதியாக எரிகின்றான். தாலுகா அலுவலகத்தை நோயோடு விட்டு நீங்கிப் பின் நாள்தோறும் சிறிது சிறிதாக உழைத்து உயர்ந்த ஒருவரே இக்கதையை எழுதியிருத்தல் இயலும் என்று எமக்குத் தோன்றுகின்றது. 1961இல் இந்நூல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது.

அவ்வாண்டு அவர் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியரானார். 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். அப்பெரும் பொறுப்பிலும் எழுதுகோலைக் கீழே வைத்தாரல்லர். அவருடைய தமிழ் இலக்கிய வரலாறு 1972இல் வெளிவந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகட்குப் பின், அப்பதவியில் இருந்த நிலையிலேயே, 1974 அக்டோபர் 10ஆம் நாள் தம் அறுபத்திரண்டாம் வயதில் காலமானார்.