ஒயிட் என்பது நிறமல்ல, பெயர்!

ஜோலார்பேட்டை வழியாக ரெயிலில் பெங்களூர் வருவோர் ஒயிட்பீல்டு நிலையத்தைக் கடந்தே நகருக்குள் நுழைகிறார்கள். வெள்ளைக்காரர்கள் குடியிருந்ததால் வந்த பெயர் என்று பலர் நினைப்பதுண்டு. அது சரியல்ல. ஒயிட் என்பது இங்கிலாந்தில் ஏராளமானோருக்கு உள்ள குடும்பப் பெயர். இங்கே அது டேவிட் ஒயிட் என்ற ஆங்கிலோ-இந்தியரைக் குறிக்கும்.

அந்தக் காலத்தில் ஆங்கிலோ-இந்தியர்கள் பெரும்பாலும் ரெயில்வே, தந்தி, அரசு அலுவலக வேலைகளையே நம்பி வாழ்ந்தனர். போட்டி பெருகியது, வேலை கிடைப்பது அரிதாயிற்று. இப்படியே போனால் பிள்ளைகளின் கதி என்னவாகும் என்று ஒயிட் கவலைப்பட்டார். 1879-ம் ஆண்டு சென்னையில் சங்கம் அமைத்தார். சொந்த நிலத்தில் உழுது பிழைப்பதே வழி என்று முடிவு செய்தார்.

மைசூர் மகாராஜா சாமராஜேந்திர உடையார் 1882-ல் சுமார் 3,900 ஏக்கர் நிலம் வழங்கினார். அங்கே எழுந்த குடியிருப்புக்கு ஒயிட்டின் பெயரே நிலைத்தது. ஊர் வளர்ந்ததைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1889-ல் காலமானார்.

பிற்காலத்தில் அந்த வட்டாரத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்தன. மாதச் சம்பளத்தை நம்பாதிருக்க அவர் உருவாக்கிய ஊருக்கு, இன்று மாதச் சம்பளத்துக்காகவே ஆயிரக்கணக்கானோர் தினமும் வந்து போகிறார்கள்.