அவை நடத்திய அண்ணல்

அண்ணல் அம்பேத்கரின் கல்வியைப் பற்றியும் சட்டப் புலமையைப் பற்றியும் நம் இளைஞர்கள் மேடைதோறும் கேட்டிருக்கின்றனர். நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அவருடைய வாழ்க்கையின் வேறொரு பகுதியை எடுத்துரைக்க விழைகிறோம். அவர் கூட்டங்களை எவ்வாறு கூட்டினார், எவ்வாறு நடத்தினார், கூட்டம் கலைந்த பின் என்ன செய்தார் என்பதே அது.

இதனை நாம் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. தருமபுரி மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில் நாம் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற முதலாண்டில், சாதிச் சான்றிதழ் இல்லாத மாணவர்களுக்கு அதனைப் பெற்றுத் தந்து, கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கச் செய்வதென்று ஆசிரியர் கூட்டத்தில் ஒருமனதாகத் தீர்மானித்தோம். பதிவேட்டில் எழுதி அனைவரும் கையொப்பமிட்டோம். யார் செய்வது, எந்நாளுக்குள் செய்வது என்று மட்டும் எழுதவில்லை. கடைசி நாள் கடந்தது. கூலி வேலை செய்வோர் வீட்டுப் பிள்ளைகள் சிலர் அவ்வாண்டு உதவித்தொகையை இழந்தனர். கூட்டத்திற்குத் தலைமை வகித்தவர் நாமே, குற்றமும் நம்முடையதே. அதன் பின்னரே அண்ணலின் வாழ்க்கையை இந்நோக்கில் படிக்கலானோம்.

பீமராவ் அம்பேத்கர் 1891 ஏப்ரல் 14 அன்று இன்றைய மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மாவ் என்னும் ஊரில் பிறந்தார். பள்ளியில் தண்ணீர்ப் பானையைத் தொடவும் உரிமையற்றிருந்த அச்சிறுவர், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் இலண்டனிலும் பயின்று, 1923இல் பம்பாய் திரும்பினார். மறு ஆண்டு மார்ச்சு 9ஆம் நாள் பம்பாய் தாமோதர் மண்டபத்தில் ஒரு கூட்டம் கூட்டினார். தாழ்த்தப்பட்ட மக்களின் குறைகளைப் பேசி ஆறுதல் கொள்வது அக்கூட்டத்தின் நோக்கமன்று. நிலையான அமைப்பொன்றைத் தோற்றுவிப்பதே நோக்கம். அவ்வாறே 1924 சூலை 20 அன்று பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை அமைந்தது. நிருவாகக் குழுவின் தலைமையை அம்பேத்கர் ஏற்றார். ஆறு மாதம் நிறையுமுன், 1925 சனவரியில், உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கென சோலாப்பூரில் விடுதி ஒன்றைச் சபை திறந்தது. விடுதியில் தங்கிப் படித்து முன்னேறியோர் நம் மாவட்டத்திலும் பலர். அச்செயலின் அருமையை அவர்கள் நன்கு உணர்வர்.

அடுத்து மகாத் நிகழ்ச்சியைக் காண்போம். பொதுக் குளங்களும் கிணறுகளும் எல்லா மக்களுக்கும் உரியன என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் நிறைவேற்றியது. மகாத் நகராட்சியும் 1924இல் தன் சவதார் குளத்தைத் திறந்துவிடுவதாகத் தீர்மானித்தது. ஆயினும் மூன்றாண்டுக் காலம் தாழ்த்தப்பட்டோர் எவரும் அந்நீரைத் தொட இயலவில்லை. தீர்மானம் ஏட்டில் இருந்தது; குளம் இருந்தபடியே இருந்தது. 1927 மார்ச்சு 19, 20 ஆகிய நாட்களில் அவ்வூரில் அம்பேத்கர் தலைமையில் மாநாடு கூடியது. இரண்டாம் நாள் மாநாட்டினர் அணிவகுத்துக் குளத்திற்குச் சென்றனர். அண்ணல் முதலில் நீரை அள்ளிப் பருகினார், மற்றவர் பின்பற்றினர். பிறர் எழுதிக் கிடப்பில் போட்ட தீர்மானத்தை நிறைவேற்றியது அக்கூட்டமே. அதற்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. மாநாட்டுக்கு வந்தோர் பலர் அன்றே தாக்கப்பட்டனர்.

அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் மீண்டும் மகாதில் கூடினர். அறப்போருக்குப் பெயர் கொடுத்தோர் ஆயிரக்கணக்கினர். ஆனால் நீதிமன்றம் அதற்கு முன்பே தற்காலிகத் தடை விதித்திருந்தது. கூட்டமோ உடனே குளத்தில் இறங்க வேண்டுமென்று கொதித்தது. கைதட்டல் விரும்பும் தலைவர் அவ்வேகத்தோடு சென்றிருப்பார். அண்ணல் மாவட்ட ஆட்சித் தலைவரையும் மேடையில் பேச விட்டார். பேராளர்களோடு கலந்து பேசினார். வழக்கில் வென்று உரிமையை நிலைநாட்டுவதே நன்று என்று விளக்கி, போராட்டத்தை ஒத்திவைக்க இசையச் செய்தார். கூடியிருந்த பெண்களிடமும் தனியே பேசி, பெண் மக்களைப் படிக்க வைக்குமாறு வேண்டினார். அவ்வழக்கில் 1937 மார்ச்சில் பம்பாய் உயர்நீதிமன்றம் நம் மக்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பத்தாண்டுக் காலம் அவர் அதனைக் கைவிடவில்லை.

1935இல் பம்பாய் அரசுச் சட்டக் கல்லூரியின் முதல்வரானார். 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, மறு ஆண்டு சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கினார்.

அவருடைய அவைத்திறம் முழுமையாக விளங்கியது அரசியலமைப்பு வரைவுக் குழுவில்தான். 1947 ஆகஸ்டு 29 அன்று எழுவர் கொண்ட அக்குழு அமைந்தது. மறுநாள் அம்பேத்கர் தலைவராகத் தேர்வு பெற்றார். நாளடைவில் ஒருவர் விலகினார், ஒருவர் காலமானார், சிலர் பிற பணிகளாலும் உடல்நலக் குறைவாலும் வரவியலாது போயினர். சுமை பெரிதும் அண்ணலின் தோளில் விழுந்ததென்று, குழுவில் பின்னர்ச் சேர்ந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரியே அவையில் எடுத்துரைத்தார். உறுப்பினர் வரவில்லை என்று அண்ணல் பணியைத் தள்ளிப் போடவில்லை. நீரிழிவு நோய் வருத்திய போதும் 1948 பிப்ரவரியில் வரைவை அளித்தார். அவ்வரைவுக்கு வந்த திருத்தங்கள் 7,635. அவற்றுள் அவையில் முன்மொழியப் பெற்றவை 2,473. அவைத் தலைவர் இராசேந்திர பிரசாத்து. வரைவுக்காக விடையிறுக்கும் பொறுப்பு அம்பேத்கருடையது. ஏற்கத் தக்கதை ஏற்றார். ஏற்கவியலாததற்குக் காரணம் கூறினார். 1949 நவம்பர் 26 அன்று அரசியலமைப்பு ஏற்கப்பட்டது. அதற்கு முந்தைய நாள் ஆற்றிய உரையில், பெருமையைத் தமக்கே கொள்ளாது பி.என். ராவுக்கும் எஸ்.என். முகர்ஜிக்கும் பகிர்ந்தளித்தார். இடைவிடாது எதிர்த்து வாதிட்ட காமத், கே.டி. ஷா, குன்ஸ்ரு போன்றோருக்கும் நன்றி கூறினார். மறுத்துப் பேசியவரைப் பகைவராகக் கருதாத அப்பண்பு நம் ஊர்க் கூட்டங்களுக்கும் மிகத் தேவை.

1956 டிசம்பர் 6 அன்று அண்ணல் மறைந்தார்.

இளைஞர்களே, நாளை இச்சங்கத்தை நடத்தப் போகிறவர்கள் நீங்கள். கூட்டத்தில் உரக்கப் பேசுவது தலைமையன்று. எதற்குக் கூடுகிறோம் என்று முன்னரே தெளிதல், பேசாதிருப்போரையும் பேசச் செய்தல், எதிர்ப்போரை மதித்தல், முடிவைச் செயலாக்குதல் என்பனவே தலைமை. நம் பள்ளியின் பதிவேட்டில் அந்த ஆண்டுக்குப் பின் தீர்மானத்திற்கு அருகே மூன்று பத்திகள் வரைந்தோம்: பொறுப்பாளர் பெயர், முடிக்க வேண்டிய நாள், முடிந்ததா என்பது. ஒவ்வொரு கூட்டமும் சென்ற கூட்டத்தின் மூன்றாம் பத்தியைப் படித்த பின்னரே தொடங்கும். நம் சங்கத்தின் பதிவேட்டிலும் அப்பத்திகளை வரையுமாறு வேண்டுகிறோம். அவை வெற்றிடமாக இருக்கும் வரை, குளத்து நீர் இன்னும் நம் கைக்கு வரவில்லை என்றே பொருள்.